நல்ல படமா ஒண்ணு கொண்டு வாங்க

சாவு வேலைக்கு முன்பணம் கேட்கக் கூடாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி முதன்முதலில் சொன்னது இதைத்தான். கல்யாணப் பத்திரிகைக்குப் பாதிப் பணம் கைக்கு வராமல் தாளை வெட்டாத மனுஷன் அவர். காதுகுத்து, கிரகப்பிரவேசம், கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ் உண்டு, பேரம் உண்டு, முடிவில் சண்டையும் உண்டு. ஆனால் ஒருவர் குளிக்காமல், தோளில் துண்டோடு, காலில் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்து நின்றால், “உட்காருங்க” என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பணம் வரும். பெரும்பாலும் வந்திருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போஸ்டரும் பேனரும் செய்து கொடுக்கிற கடை என்னுடையது. கல்யாணம், கட்சி, கோயில் கொடை எல்லாம் செய்கிறேன்தான். ஆனால் ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது, தேர்தல் வருஷத்துக்கு வருஷம் வருவதில்லை. கடை வாடகையைக் கட்டுவது கண்ணீர் அஞ்சலிதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பாடை கட்டுபவர் சொல்வாரா, சங்கு ஊதுபவர் சொல்வாரா கூச்சமாக இருக்கிறது என்று?

இந்த வேலையில் முதல் கேள்வி ஒன்றுதான்: “எப்ப எடுக்குறாங்க?” சாயங்காலம் நாலு மணி என்றால், காலை பத்து மணிக்குள் பஸ் ஸ்டாண்டிலும் தேரடியிலும் மம்சாபுரம் ரோட்டிலும் போஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும். ராஜபாளையத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் மாலையோடு வந்து இறங்குகிற சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரிந்துகொள்வார்கள். ராத்திரி ஒரு மணிக்கு உயிர் போனால் ஒன்றரை மணிக்கு என் போன் அடிக்கும். டாக்டருக்கு அடுத்து எனக்குத்தான் செய்தி வருகிறது. சில வீடுகளில் மகளுக்கே எனக்குப் பிறகுதான்.

நான் ஈய எழுத்துக் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். கேஸுக்கு முன்னால் நின்று, ஸ்டிக்கைக் கையில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்து, ட்ரெடில் மெஷினில் காலால் மிதித்து அடித்த காலம். அப்போது சாவுக்குப் போஸ்டர் அடிப்பது பண்ணையார் வீட்டு விஷயம். மற்றவர்களுக்குக் கருப்பு பார்டர் போட்ட கருமாதிப் பத்திரிகை. அதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். அதில் படம் இருக்காது. படம் வேண்டுமென்றால் சிவகாசிக்கு ஆள் அனுப்பி பிளாக் எடுத்து வர வேண்டும். அதற்குள் இங்கே காரியம் முடிந்திருக்கும். ஆகவே பேர், தகப்பனார் பேர், ஊர், மகன்மார் பேர், மருமகன்மார் பேர். ஒரு மனுஷனைப் பற்றி அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவன் முகம் எங்கள் வேலையில் வராது.

முகம் வந்தது கம்ப்யூட்டரோடு. பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப், கூடவே ஒரு ஸ்கேனர். ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டு வானவில்லும் ஸ்ரீலிபியும் கற்றுக்கொண்டோம். 2000க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று சாவும் அளவுக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற எல்லோரிடமும் நான் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: “நல்ல படமா ஒண்ணு கொண்டு வாங்க.”

என் கடை வாசலில் நின்று சொல்ல எளிதான வார்த்தை. அந்த வீட்டுக்குள் அது என்ன பாடு படுத்துகிறது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். பீரோவைத் திறக்கிறார்கள். டிரங்குப் பெட்டியை இழுக்கிறார்கள். ரேஷன் கார்டும் கரண்டு கார்டும் எல்.ஐ.சி. பாண்டும் கிடக்கிற மஞ்சப் பையைத் தரையில் கொட்டுகிறார்கள். கடைசியில் வருவது வாக்காளர் அட்டை. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993இல் தொடங்கிவைத்த புகைப்பட அட்டை. அவர் கள்ள ஓட்டைத் தடுக்க நினைத்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ பாட்டிகளுக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுதான். வெயிலில் வரிசையில் நின்று, வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து, “ஆடாதீங்கம்மா” என்ற அதட்டலுக்குப் பயந்து விறைத்துப்போன முகம். அதற்கடுத்து வந்தது ஆதார். அந்தப் படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

தோற்றம் என்று ஒரு தேதி போட வேண்டும். அதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியைத்தான் சொல்வார்கள். ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே என்று அந்தக் காலத்து வாத்தியார்கள் எல்லோரையும் மே மாதத்திலேயே பிறக்க வைத்துவிட்டார்கள். மறைவுத் தேதியில் மட்டும் சந்தேகமே வருவதில்லை. சிலர் மணி நிமிஷம்கூடச் சொல்வார்கள்.

அட்டைப் படம் வேண்டாம் என்றால் அடுத்தது குரூப் போட்டோ. யாரோ ஒருவருடைய கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், பாதி முகம் தெரிகிற மாதிரி நின்றிருப்பார். அதிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். வெட்டும்போது ஒரு கை வரும். பக்கத்தில் நின்றவர் தோளில் போட்ட கை. அதை அழித்துவிட்டுச் சட்டைத் துணியை இழுத்து மூட வேண்டும். ஒருமுறை அப்படி அழித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டி, “தம்பி, அது என் கைதான். இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். செத்தவர் அவருடைய மச்சினர். விட்டுவிட்டேன். பெருமாள் கோயில் சுவரில் அந்தப் போஸ்டரில் ஆளில்லாத ஒரு கை தோளில் கிடந்தது. பார்த்தவர்கள் டிசைன் செய்தவனுக்குக் கண் தெரியவில்லை என்று பேசியிருப்பார்கள். பேசட்டும்.

இப்படி வருஷக்கணக்காகப் படங்களை வெட்டி வெட்டி எனக்குள் ஒரு கணக்கு ஏறியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். நல்ல படம் என்று எந்தப் படத்தை வீட்டார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பத்துப் படங்களைப் பரப்பி வைத்தால், மகளோ மருமகளோ சட்டென்று ஒன்றை எடுத்து, “இதுதாண்ணே, இதுல அப்பா அப்பாவாவே இருக்காரு” என்பார்கள். அந்தப் படம் எங்கே எடுத்தது என்று நான் கேட்பேன். குற்றாலம். பழநி. ராமேஸ்வரம். குலதெய்வம் கோயிலில் பேரனுக்கு மொட்டை போட்ட அன்று. கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒன்றுமில்லை என்றால் செண்பகத்தோப்பு ஓடையில் கால் நனைத்தபடி. கடையில் கல்லாவுக்குப் பின்னால் எடுத்த படத்தை ‘நல்ல படம்’ என்று ஒரு மகளும் எடுத்துக் கொடுத்ததில்லை. மில்லில், தறியில், ஆபீசில் எடுத்த படம் வருவதுண்டு. வேறு வழியில்லாதபோது வரும். லீவு போட்ட நாளில்தான் அந்த மனுஷன் படத்துக்குள் வந்து நின்றிருக்கிறான்.

குற்றாலப் படத்தில் ஒரு சங்கடம் உண்டு. சட்டை இருக்காது. அருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டாமல், இடுப்பில் ஈர வேட்டியோடு சிரித்துக்கொண்டிருப்பார். “சட்டை மட்டும் மாட்டி விட்டுருங்கண்ணே” என்பார்கள். என் கம்ப்யூட்டரில் வெள்ளைச் சட்டை, கோட்டு, பட்டு ஜரிகைத் துண்டு எல்லாம் தலையில்லாமல் தனித்தனியாக இருக்கின்றன. கழுத்தோடு பொருத்தி, காலரை மடக்கி, தோளைச் சரிசெய்து கொடுப்பேன். தலை அருவியில், உடம்பு இஸ்திரிக் கடையில். எங்கள் ஊர்ச் சுவர்களில் இப்படி ஈரத் தலையும் காய்ந்த சட்டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பலபேர். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது ஜூன் மாதச் சாரல் என்று.

ஒரு அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். பலசரக்குக் கடை. காலை ஐந்து மணிக்குத் திறந்தால் ராத்திரி பத்தரை. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிடுவார். “எண்ணெய் தீந்துபோச்சு, சீனி தீந்துபோச்சுன்னு சனம் எங்கே போகும்?” என்பார். கெட்டவரில்லை. கடன் நோட்டைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு வாசலுக்கும் போகாதவர். மகள்களை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார், மகனை என்ஜினீயர் ஆக்கினார். அறுபது வயதில் மூட்டையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்தவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

மகன் பெங்களூரிலிருந்து வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். படம் இல்லை. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் ஒன்று இருக்கிறது. அதில் திருடனைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி இருக்கிறார். மகள் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினோம். தாரை வார்க்கும்போது குனிந்திருக்கிறார்; மற்ற நேரம் சாமான் ரூமில் சரக்கு எண்ணிக்கொண்டு இருந்திருப்பார். கடைசியில் பக்கத்து ஸ்டூடியோக்காரர் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தார். பந்தியில் ஒரு காட்சி. இலை முன்னால் அண்ணாச்சி. கேமரா லைட் முகத்தில் அடித்ததும் நிமிர்கிறார். வாயில் அப்பளம். பக்கத்தில் யாரோ என்னவோ சொல்ல, சிரிப்பை அடக்க முடியாமல் கண் சுருங்குகிறது. அரை வினாடிதான். அதை நிறுத்தி, படமாக எடுத்து, அப்பளத்தை அழித்து, புள்ளி புள்ளியாக உடைந்ததை மெருகேற்றிக் கொடுத்தேன். மகன் மானிட்டரைப் பார்த்தபடியே, “எங்கப்பா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லண்ணே” என்றான். வீடியோக்காரன் பந்திக்குள் வந்த நேரத்தில் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தது அதிர்ஷ்டம். இரண்டாம் பந்தி என்றால் அதுவும் கிடைத்திருக்காது.

கடைகள், நிறுவனங்கள் பற்றிய நம் மாநிலச் சட்டம் 1947இல் வந்தது. வாரம் ஒரு நாள் கடை அடைக்க வேண்டும், வேலை பார்ப்பவருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை என்று அதில் அப்போதே எழுதிவைத்துவிட்டார்கள். எழுதியவர்கள் யாரோ விவரமான ஆட்கள். 2019இல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளை வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. வேலையாளுக்கு முறை போட்டு லீவு கொடுக்க வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு யார் கொடுப்பது?

வாழ்க்கை கொஞ்ச நாள்தான், அனுபவித்துவிடுங்கள் என்று மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நிகழ்ச்சிக்கும் நான்தான் பேனர் போடுகிறேன். ஆனால் அந்தப் பேச்சு எல்லோருக்கும் பொருந்துகிற சட்டை இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு, பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று இருந்தது. நிரந்தரத் தொழிலாளிக்குப் பிரச்சினை இல்லை. காண்டிராக்டில் இருந்தவரின் 240 நாள் எந்தப் பதிவேட்டில் ஏறியது? கூலிக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைக்குச் சோற்றுக்கு என்ன வழி? அவர்கள் வீட்டிலிருந்து வாக்காளர் அட்டைதான் வருகிறது. அவர்களுக்கு வாழத் தெரியவில்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நான் பேசுவது லீவு எடுக்க முடிந்தும் எடுக்காதவர்களைப் பற்றி. அண்ணாச்சியைப் பற்றி. என்னைப் பற்றியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சின்ன வயசுச் சாவு. பைக்கில் போய் லாரியில் மோதியவன், கிணற்றில் குதித்தவன். அவர்களுக்குப் படம் இல்லாத குறையே கிடையாது. நண்பர்கள் பத்துப்பேர் வந்து ஆளுக்கொரு போனை நீட்டுவார்கள். ஒவ்வொரு போனிலும் நூற்றுக்கணக்கில். கண்ணாடி போட்டது, போடாதது, பைக்கில் சாய்ந்தது, யாருடையதோ காரில் சாய்ந்தது. எதை எடுப்பது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். கடைசியில், கேமராவைப் பார்க்காமல் எதையோ தின்றுகொண்டிருக்கும் ஒன்றை அவனுடைய அம்மா தொட்டுக் காட்டுவார். படம் நிறைய இருந்தால் நிறைய வாழ்ந்தான் என்று ஆகிவிடாது என்பதை இந்தப் பையன்களிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்த பேனர்களுக்கு நான் லாபம் வைப்பதில்லை. வைத்தால் ராத்திரி தூக்கம் வராது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், ரோட்டு நடுவில் கட்டியிருந்த கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ என்ற 23 வயதுப் பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தார். செய்தியைக் கடையில் டி.வி.யில் பார்த்தோம். மெஷினில் ஒரு பேனர் ஓடிக்கொண்டிருந்தது. என் பையன் எழுந்து போய் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு ரோட்டுக்கு மேலே சாரம் கட்டி நிறுத்துகிற வேலையை நான் எடுப்பதில்லை. வீட்டு வாசலில் கட்டுங்கள், சுவரில் ஒட்டுங்கள்.

பெண்கள் படத்துக்கு வருகிறேன். சட்டைக்குப் பதில் இங்கே பட்டுச்சேலை. “ஆத்தா உசுரோட இருக்கையில ஒரு பட்டு கட்டலண்ணே, இதுலயாவது கட்டி விடுங்க” என்று ஒரு மகன் கேட்டால் என்ன சொல்வது? அரக்கா, மயில் கழுத்தா என்று கேட்டுக் கட்டிவிடுவேன். கழுத்தில் சங்கிலி, காதில் கம்மல், மூக்கில் பேசரி. கிராம் கணக்கு இல்லாமல் போடலாம். ஒரு பேத்தி வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். பாட்டிக்கு முப்பது வயதிலேயே தாத்தா போய்விட்டாராம். அதற்குப் பிறகு நெற்றி காலி. கொண்டுவந்த படத்திலும் காலிதான். “பொட்டு வைங்க அங்கிள். பெரிசா, குங்குமம் மாதிரி” என்றாள். கூட வந்த பெரியப்பா, “ஊர் என்ன சொல்லும்?” என்றார். “ஊரு இத்தனை வருஷமா சொன்னது போதாதா பெரியப்பா” என்று அவள் குரல் ஏறியது. நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பெரியப்பா எழுந்து டீக்கடைக்குப் போனார். போனவர் மூன்று டீயோடு வந்து, ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, “அடர் சிவப்பா வைங்க” என்றார்.

சேலையும் பொட்டும் எப்போது கேட்கப்படுகின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பட்டுச்சேலை கடையில் விற்கிறது. குங்குமம் ஆண்டாள் கோயில் வாசலில் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு இரண்டும் சும்மா. சில நிமிஷ வேலை. அந்தக் கூலியைக் கூட நான் வாங்குவதில்லை, வாங்கத் தோன்றுவதில்லை.

2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் படத்தை பேனரில் போடக் கூடாது என்று. கட்சிக்காரர்கள் ஆடிப்போனார்கள். எங்களுக்குள் பெரிய சிரிப்பு: இனிமேல் பேனரில் இடம் வேண்டுமென்றால் செத்தால்தான் உண்டு. அந்த உத்தரவு நீண்ட நாள் நிற்கவில்லை. பழையபடி எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சமயத்தில்தான் ஒரு பாட்டி கடைக்கு வந்தார். பால்கோவாக் கடையில் பால் கிண்டிக் கிண்டியே வயசானவர். விறகடுப்புப் புகையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். வெள்ளிக்கிழமை, தலை குளித்து, இருக்கிறதில் நல்ல சேலை கட்டி, காதோரம் பூ.

“தம்பி, என் சாவுக்கு வைக்க ஒரு படம் எடுக்கணும். எம் புள்ளைங்க ஆதார் படத்தக் குடுத்துருவானுங்க. அதுல நான் செத்தவ மாதிரி இருக்கேன்.”

பக்கத்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பையன் வழக்கம்போல, “சிரிக்காம நேரா பாருங்க பாட்டி” என்றான். “செத்த பிறகு சிரிக்கவா போறேன்? இப்ப எடுடா” என்று ஒரு அதட்டல். எடுத்தான். சுருக்கத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “அதெல்லாம் நான் சம்பாதிச்சது, விடு” என்றார். பெரிய அளவில் போட்டு, சட்டம் கட்டிக் கொண்டுபோனார். டிரங்குப் பெட்டியில் வைப்பார் என்று நினைத்தேன். வீட்டு நடு ஆணியில் மாட்டிவிட்டாராம். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டுகிறாராம். உயிரோடு இருக்கையிலேயே மாட்டினால் ஆகாது என்று மருமகள் கழற்றச் சொல்லியிருக்கிறாள். “நான் பாக்காத படம் எனக்கெதுக்கு?” என்று கேட்டாராம். ஆள் இன்னும் இருக்கிறார். தெருவில் பார்த்தால் நிறுத்தி, அந்தப் படத்தில் தன் நிறத்தை நான் கூட்டி வைத்துவிட்டதாகக் குறை சொல்வார்.

போஸ்டருக்கு என்ன ஆயுசு என்று கேட்பீர்கள். மைதா மாவைக் காய்ச்சிப் பசை எடுத்து, வாளியும் ஏணியுமாக விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் ஒட்டுவார்கள். சாவுப் போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டுவதற்கு எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு மூன்று நாள் யோசிப்பார்கள். மாடு யோசிக்காது. மைதா ருசிக்குத் தாளோடு இழுத்துத் தின்றுவிடும். மேல் பாதி மாட்டுக்கு எட்டாது; கீழ்ப்பாதியில் இருக்கிற மகன்மார், மருமகன்மார், பேரன் பேத்திகள்தான் முதலில் போவார்கள். அந்தப் பேர்களை எந்த வரிசையில் போடுவது என்பதற்காக எழவு வீட்டில் எவ்வளவு சண்டை நடந்திருக்கும் என்று மாட்டுக்கு எப்படித் தெரியும்?

2021 மே மாதம் 10ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தபோது கடை ஷட்டர் இறங்கியது. ஆனால் போன் நிற்கவில்லை. “அடிக்க வேண்டாம் அண்ணே, வாட்ஸ்அப்புல போட ஒரு டிசைன் மட்டும்.” வீட்டில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துச் செய்தேன். அந்த மாதத்தில் மாவட்டத்தின் பாதி முகங்கள் என் வீட்டுத் திண்ணை வழியாகப் போனது போல இருந்தது. கணவர் படம் அனுப்பிய பெண்ணின் படம் அடுத்த வாரம் மகனிடமிருந்து வரும். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது. போக முடியாதவர்கள் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்கள். அதிலும் பாதிக்கு மேல் குற்றாலம், பழநி, கொடைக்கானல். ஊரெல்லாம் பூட்டிக் கிடந்த மாதத்தில், எங்கெங்கோ ஊர் சுற்றப் போன முகங்களாகவே வந்துகொண்டிருந்தன.

ஊரடங்கு தளர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், எதிர்க் கடைக்காரரிடம் போய்ப் பேசியது. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைத்து என் ஆட்களை இழுத்தார் என்று எனக்குக் கோபம். நான்தான் முதலில் குறைத்தேன் என்று அவருக்கு. “ஞாயித்துக்கிழமை முறை வச்சுக்குவோம். ஒரு வாரம் நான் அடைக்கிறேன், ஒரு வாரம் நீங்க அடைங்க. சாவு வந்தா திறந்திருக்கிறவர் பாத்துக்கட்டும்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அடுத்த வாரம் அவரே வந்து, தாளில் தேதி போட்டு நீட்டினார்.

சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் ஞாயிறு செண்பகத்தோப்பில் இட்லியைப் பிரித்து வைத்திருக்கும்போது போன். தெரிந்த குடும்பம். “அண்ணே, நீங்கதான் செய்யணும்” என்று அழுகை. எதிர்க் கடை நம்பரைக் கொடுத்தேன். மனசு அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரி, “அவருக்கு மட்டும் போட்டோஷாப் தெரியாதா? இட்லியத் தின்னுங்க” என்றாள். திங்கட்கிழமை அந்தக் குடும்பத்துப் பெரியவர் வந்து, அவர் போட்ட பூ பார்டர் சரியில்லை, உங்கள் கையே கை என்றார். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வெளியே, “நல்லாத்தானே இருக்கு” என்றேன். அவர் கடை முறையில் அடைத்த ஞாயிற்றில் இங்கே வந்தவர்கள் என்னைப் பற்றி அவரிடம் என்ன சொன்னார்களோ.

இப்போது பொங்கலையும் தீபாவளியையும் பங்கு பிரித்துக்கொண்டோம். ரேட்டும் ஒன்றாக வைத்துக்கொண்டோம், அது தனிக் கதை. ஆடிப்பூரத் தேரன்று யார் கடையைத் திறந்து வைப்பது என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. போன வருஷம் நான் திறந்தேன், அதனால் இந்த வருஷம் அவர் என்கிறேன். தன் பேத்தி சிங்கப்பூரிலிருந்து தேர் பார்க்க வருகிறாள், ஒரு வருஷம் விட்டுக்கொடுங்கள் என்கிறார். எனக்கும் வடம் பிடிக்க வேண்டும். இரண்டு நாளாகப் பேச்சு நடக்கிறது.